விழித்திரை விலகல் அறுவைக்குப் பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விழித்திரையில் கிழிசல் விழுந்து, அதன் வழியாக நீர் பின்னால் புகுந்து, நனைந்த சுவரில் காகிதம் உரிவதுபோல் விழித்திரை கழன்றுவிடுவதைத்தான் விழித்திரை விலகல் என்கிறோம். ஒட்டவைக்க மூன்று வழிகள் உண்டு. கண்ணின் வெளிச்சுவரைச் சுற்றி சிலிக்கான் பேண்ட் வைத்துத் தைப்பது ஒன்று. விட்ரியஸ் என்னும் உள்கூழை எடுத்துவிட்டு கேஸோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பும் விட்ரெக்டமி இன்னொன்று. சில கிழிசல்களுக்கு ஊசி வழியாகக் கேஸ் செலுத்தினாலே போதும். எந்த வழியானாலும் கிழிசலைச் சுற்றி லேசராலோ கிரையோ என்னும் கடுங்குளிராலோ தழும்பு உண்டாக்கி அடைப்பார்கள்.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பல பதில்களில் ஒரே அளவுகோலைப் பார்ப்பீர்கள். தொந்தரவு இன்று எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா கூடியிருக்கிறதா என்பதே முக்கியம்.

1. ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு சொன்னாங்க. கட்டைப் பிரிச்சா கண்ணு தெரியவே இல்லையே?

கேஸ் நிரப்பிய கண்ணில் முதல் சில நாட்கள் வெளிச்சமும் கையசைப்பும் மட்டுமே தெரிவது இயல்பு. ஒளி, கேஸ் வழியாகச் செல்லும்போது விழித்திரையில் குவிவதில்லை. இது அறுவை தோற்றதன் அடையாளம் அல்ல. எண்ணெய் வைத்த கண்ணில் மங்கலாகவாவது உருவங்கள் தெரியும். பேண்ட் மட்டும் வைத்திருந்தால் அதைவிடத் தெளிவாகத் தெரியலாம், ஆனால் வீக்கமும் கண்ணீரும் சில நாட்கள் மறைக்கும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கண்ணுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள்? காற்றா, எந்தக் கேஸ், எண்ணெயா, பேண்டும் சேர்த்தா? கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பொறுத்தே மாறும்.

2. கேஸ் எத்தனை நாள்ல போகும்? குறையுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வெறும் காற்று என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். எஸ்எஃப்6 என்னும் கேஸ் என்றால் சுமார் 2 வாரம், சிலருக்கு 3 வாரம். சி3எஃப்8 என்னும் கேஸ் என்றால் 6 முதல் 8 வாரம். கேஸ் தானாகவே ரத்தத்தில் கரைந்து மூச்சில் வெளியேறிவிடும். எடுக்க இன்னொரு அறுவை வேண்டாம்.

குறைவதை நீங்களே பார்க்கலாம். ஒருநாள் பார்வையின் மேல் ஓரத்தில் தெளிவான ஒரு பட்டை தோன்றும். அதன் அடியில், தண்ணீர்த் தொட்டியைப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஒரு கோடு ஆடும். நாளாக ஆக அந்தக் கோடு கீழே இறங்கும். கேஸ் உண்மையில் கண்ணின் மேல்பக்கம்தான் மிதக்கிறது. விழித்திரையில் படம் தலைகீழாக விழுவதால் அது கீழே இருப்பதாகத் தெரிகிறது. கடைசியில் வட்டமான குமிழியாகச் சுருங்கும், இரண்டு மூன்றாக உடையவும் செய்யும், பிறகு மறைந்துவிடும். குமிழி உடைந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

3. எனக்குக் கேஸ் வைக்காம எண்ணெய் வெச்சிருக்காங்க. என் நிலைமை அவ்வளவு மோசமா?

விழித்திரையைப் பல வாரங்கள், மாதங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தால் எண்ணெய் வைப்பார்கள். பல கிழிசல்கள், மிகப் பெரிய கிழிசல், தழும்புச் சவ்வு (11-வது கேள்வி), ஏற்கெனவே ஒருமுறை தோற்ற அறுவை, குப்புறப் படுக்க இயலாதவர், விரைவில் விமானம் ஏறியே ஆக வேண்டியவர் என்று காரணங்கள் பல. எண்ணெய் தானாகக் கரையாது. பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் இன்னொரு அறுவை செய்து எடுப்பார்கள்.

4. குப்புறப் படுன்னு சொல்றாங்க. தூக்கத்துல புரண்டுட்டா எல்லாம் வீணாயிடுமா?

ஒருமுறை புரண்டதால் வீணாகாது. விழித்ததும் சொன்ன நிலைக்குத் திரும்பிவிடுங்கள். கேஸ் மேல்நோக்கி மிதக்கும், அது கிழிசலை அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். லேசர் தழும்பு முழு உறுதி பெற 10 முதல் 14 நாள் ஆகும். அதுவரை நீர் மறுபடி கிழிசலுக்குள் போகாமல் அடைத்துக்கொண்டிருப்பது இந்தக் குமிழிதான். எல்லோருக்கும் குப்புறப் படுக்கைதான் என்பதும் இல்லை. கிழிசல் இருக்கும் இடத்தைப் பொறுத்துச் சிலருக்கு வலப்பக்கம், சிலருக்கு இடப்பக்கம், சிலருக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாலே போதும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னதை நீங்கள் பின்பற்ற வேண்டாம்.

கவனிக்க வேண்டியது தலையின் நிலை, உடம்பின் நிலை அல்ல. மேசையில் தலையணை போட்டு நெற்றியைச் சாய்த்து உட்கார்ந்தாலும் முகம் தரையைப் பார்த்தால் சரி. கண்ணின் மேல் எடை விழக் கூடாது. நெற்றியிலும் கன்னத்திலும்தான் தாங்கல் இருக்க வேண்டும். முழங்கையை ஊன்றியே மணிக்கணக்கில் இருந்தால் அங்குள்ள நரம்பு அழுந்தி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். முழங்கைக்கு அடியில் மெத்தென்று துணி மடித்து வையுங்கள். மணிக்கு ஒருமுறை 5 நிமிடமாவது எழுந்து, தலையைக் குனிந்தபடியே நடங்கள். காலில் ரத்தம் உறையாமலிருக்க அது உதவும்.

கண்டிப்பாகக் கூடாதது, கேஸ் பெரிதாக இருக்கும்போது மல்லாந்து நெடுநேரம் படுப்பது. அப்போது குமிழி முன்னால் வந்து லென்சைத் தொடும். அதனால் புரை விழலாம். லென்சை முன்னே தள்ளி, கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தத்தையும் ஏற்றிவிடலாம்.

5. வலி எவ்வளவு இருந்தா சாதாரணம்?

முதல் சில நாட்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், சிவந்திருக்கும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். பேண்ட் வைத்தவர்களுக்கு வலி கூடுதல், கண்ணை அசைத்தால் இழுக்கும். பாராசிட்டமாலில் அடங்கி, நாளுக்கு நாள் குறைந்தால் அது ஆறும் வலி.

இரண்டு வகை வலிக்குக் காத்திருக்கவே கூடாது. ஒன்று, புருவத்திலிருந்து தலைவரை தெறிக்கும் வலியோடு குமட்டல், வாந்தி. இது பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறியதன் குறி. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வயிற்றுக்கு மாத்திரை போட்டுவிட்டு இரவைக் கழித்துவிடுகிறார்கள், அந்த ஓர் இரவிலேயே பார்வை நரம்பு கெடலாம். இரண்டாவது, குறைந்துவந்த வலி திரும்பக் கூடி, சிவப்பும் இமை வீக்கமும் ஏறி, பார்வை மங்கிக்கொண்டே போவது. அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். அரிதுதான், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தலைகாட்டும், ஆனால் மணிக்கணக்கில் பார்வையைத் தின்றுவிடும். இரண்டிலும் அடுத்த செக்கப் தேதிவரை பொறுக்காமல் அன்றைக்கே, ராத்திரியானாலும், போக வேண்டும்.

6. ஆபரேஷனுக்கு முன்னால எனக்குக் கண் அழுத்தமே கிடையாது. இப்போ ஏன் கூடுது?

பொதுவாகக் கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்கும், மெர்க்குரி மில்லிமீட்டர் கணக்கில். முதல் சில நாட்களில் கூடினால் கேஸ் விரிவதோ, உள்ளே வீக்கமோ, அதிகமாக நிரம்பியதோ காரணம். 2 வாரத்துக்கு மேல் கூடினால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சந்தேகிப்பார்கள். சிலர் கண்ணின் உடல்வாகு அப்படி, ஸ்டீராய்டுக்கு அழுத்தம் ஏறும். இதற்கு வலியே இருக்காது என்பதால்தான் ‘நல்லாத்தான் இருக்கே’ என்று செக்கப்பைத் தவிர்க்கக் கூடாது. எண்ணெய் இருந்தால் மாதங்கள் கழித்தும் கூடலாம்.

அழுத்தம் கூடிவிட்டதே என்று நீங்களாக ஸ்டீராய்டை நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் உள்வீக்கம் திரும்பும். மருத்துவர் வேறு மென்மையான மருந்துக்கு மாற்றுவார், அல்லது அழுத்தம் குறைக்கும் சொட்டைச் சேர்ப்பார்.

7. மூணு சொட்டு மருந்து கொடுத்திருக்காங்க. எல்லாத்தையும் ஒரேயடியா விட்டுடலாமா?

கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 5 நிமிட இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும், கண்ணில் அதற்கு மேல் தங்காது. பால்போல் வெளுத்த ஸ்டீராய்டு மருந்தைக் குலுக்கிவிட்டுப் போடுங்கள். குலுக்காவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் சொட்டுகளில் தண்ணீர்தான் வரும். கீழிமையை இழுத்து அந்தப் பையில் விடுங்கள். மேலிமையையோ கண்விழியையோ அழுத்த வேண்டாம். குப்பியின் முனை கண்ணில் படக் கூடாது.

கண் பாப்பாவை (கண்மணியை) விரிக்கும் சொட்டும் இருந்தால் வெளிச்சம் கூசும், பக்கத்து எழுத்து மங்கும். மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும், அட்ரோபின் என்றால் ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம்.

8. பஸ்ல போகலாம்னா பிளேன்ல ஏன் போகக் கூடாது?

பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 2400 மீட்டர் மலையுச்சியில் இருப்பதுபோல் குறைந்திருக்கும். அந்த அழுத்தத்தில் கண்ணுக்குள் இருக்கும் கேஸ் சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். கண் பலூன் அல்ல, விரிந்து இடம் கொடுக்காது. அழுத்தம் தாறுமாறாக ஏறி, விழித்திரைக்குப் போகும் ரத்தமே நின்றுவிடலாம். சாலை வழியாக உயரமான மலை ஏறுவதும் இதே ஆபத்துதான். ‘சின்ன குமிழிதானே மிச்சம்’ என்று துணிய வேண்டாம். கேஸ் முழுக்கப் போய்விட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே விமானம். எண்ணெய்க்கு இந்தத் தடை இல்லை, எண்ணெய் அப்படி விரியாது.

9. இடையில பல் பிடுங்கணும்னா என்ன பண்றது?

பல்லுக்கு மரப்பு ஊசி போடலாம், அதனால் கெடுதல் இல்லை. மயக்கத்துக்கோ வலி தெரியாமலிருக்கவோ நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுப்பதுதான் ஆபத்து. அது ரத்தத்திலிருந்து குமிழிக்குள் புகுந்து நிமிடங்களில் அதை ஊதிப் பெரிதாக்கும். கண்ணில் கேஸ் இருக்கிறது என்று எழுதி ஆஸ்பத்திரியில் கையில் கட்டிவிட்ட பட்டையை, கேஸ் போகும்வரை கழற்றாதீர்கள். விபத்தில் நினைவிழந்து கிடந்தாலும் உங்களுக்காகப் பேசுவது அந்தப் பட்டைதான்.

10. ஓரத்துல இன்னும் மின்னல் மாதிரி வெட்டுது. கறுப்பா ஏதோ மிதக்குது. மறுபடி விலகுதோ?

தழும்பு ஆறும்போது சில வாரங்கள் லேசான மின்னல் வருவதும், மிச்சமுள்ள ரத்தத் துணுக்குகள் மிதப்பதும் உண்டு. முன்பு சொன்ன அளவுகோலே இங்கும்: குறைந்துவந்தால் பொறுக்கலாம். புதிதாகக் கரும்புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து நிழல் படர்ந்து நாளுக்கு நாள் உள்ளே வந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

கேஸ் இருக்கும்போது கோடு எது, நிழல் எது என்று குழப்பம் வரும். தலையை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கேஸின் கோடு தண்ணீர் மட்டம்போல் எப்போதும் படுக்கையாகவே நிற்கும், தலை ஆடினால் தளும்பும். விலகலின் நிழல் தலையோடு சேர்ந்து சாயும், கண்ணில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தளும்பாது. தினமும் ஒரே வெளிச்சத்தில், மறு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே சுவரைப் பார்த்து இதைச் சோதித்தால் மாற்றம் சட்டென்று பிடிபடும்.

11. ஒருதடவை ஒட்டினது மறுபடி ஏன் விலகுது? டாக்டர் சரியா செய்யலையா?

ஏறத்தாழ 100 பேரில் 85 முதல் 90 பேருக்கு முதல் அறுவையிலேயே ஒட்டிவிடும். மறு அறுவைகளையும் சேர்த்தால் 95-ஐத் தாண்டும். 1920-களில் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனான், கிழிசலை அடைத்தால்தான் விலகல் தீரும் என்று செய்து காட்டும் வரை விலகிய கண் என்றாலே இழந்த கண் என்றுதான் நினைத்திருந்தார்கள். அதை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கையின் அருமை புரியும்.

மறுபடி விலகப் பெரிய காரணம் பிவிஆர் எனப்படும் தழும்புச் சவ்வு. கிழிசல் வழியாகச் சிதறிய செல்கள் விழித்திரையின் மேலும் கீழும் படிந்து, வளர்ந்து, காய்ந்த பசைபோல் சுருங்கி இழுக்கும். ஒட்டிய விழித்திரை மடிந்து கழன்றுவிடும். அறுவை செய்தவர்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு இது வரும், பெரும்பாலும் 4 முதல் 12 வாரத்துக்குள். கைத்திறன் குறைவால் வருவது அல்ல. நாட்பட்ட விலகல், பெரிய கிழிசல், உள்ளே ரத்தக்கசிவு, முன்பே நடந்த அறுவைகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். ‘ஒரு மாசம் ஆச்சு, நல்லாயிருக்கு’ என்று அந்த வாரங்களில் வரும் செக்கப்பை விடுவதுதான் பெரிய தவறு. சவ்வை உரித்து எடுத்து, பெரும்பாலும் எண்ணெய் வைத்து மீண்டும் ஒட்டவைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பார்வை கொஞ்சம் விலை கொடுக்கும்.

12. எழுத்து தெரியுது, ஆனா வரியெல்லாம் நெளியுதே?

மையப் பகுதியான மாக்குலா கழன்றிருந்து ஒட்டிய கண்களில் இது அடிக்கடி வரும். விழித்திரை பழைய இடத்திலிருந்து மயிரிழை நகர்ந்து ஒட்டியிருந்தாலே நேர்கோடு வளையும். பல மாதங்களில் மூளை பழகி ஓரளவு குறையும். மாக்குலாவில் நீர் கோத்த வீக்கம், மேலே மெல்லிய சவ்வு, அடியில் வடியாமல் நிற்கும் கொஞ்சம் நீர் ஆகியவையும் காரணமாகலாம். பேண்ட் அறுவைக்குப் பின் அந்த மிச்ச நீர் வடிய சில மாதங்கள் ஆகும், கண்ணாடி மாற்ற அவசரப்பட வேண்டாம்.

எது காரணம் என்பதை, விழித்திரையின் அடுக்குகளைப் படம்பிடிக்கும் ஓசிடி ஸ்கேன் சொல்லிவிடும். வீட்டில் ஜன்னல் கம்பியையோ தரை ஓட்டின் கோட்டையோ ஒரு கண்ணால் பாருங்கள். வளைவு புதிதாக வந்தால், அல்லது கூடினால், ஸ்கேன் எடுக்கும் நேரம் அது.

13. ரெண்டு ரெண்டா தெரியுது. பவரும் மாறிட்ட மாதிரி இருக்கு.

முதலில் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டில் ஒன்று மறைந்தால், கண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பொருள். பேண்டைக் கண் தசைகளுக்கு அடியில்தான் செலுத்துகிறார்கள். வீக்கம் வடியும்போது பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகும். சரியாகாமல் நிலைத்துவிட்டால் இரண்டு படங்களையும் ஒன்றாக்கும் பிரிசம் கண்ணாடி, அபூர்வமாகத் தசை அறுவை. ஒரு கண்ணை மூடியும் இரட்டையாகத் தெரிந்தால் காரணம் அந்தக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது: கேஸின் ஓரம், புரை, நெளிந்த மாக்குலா.

சுற்றிக் கட்டிய பேண்ட் கண்ணைக் கொஞ்சம் நீளமாக்குவதால் 1 முதல் 3 டயாப்டர் (கண்ணாடி பவரின் அலகு) மைனஸ் கூடும். லென்ஸ் உள்ள கண்ணில் எண்ணெய் நேர்மாறாக 5 டயாப்டர் அளவுக்குக்கூட பிளஸ் பக்கம் தள்ளும், எடுத்ததும் திரும்பிவிடும். எனவே எண்ணெய் உள்ளே இருக்கையில் விலையுயர்ந்த கண்ணாடி போடாதீர்கள். மற்றவர்களுக்கும் சுமார் 3 மாதம் பொறுத்து அளவெடுப்பது நல்லது.

14. ரெட்டினா சரியாச்சு, இப்போ புரை வந்துடுச்சுங்கிறாங்க. இது என்ன கொடுமை?

எதிர்பார்த்ததுதான். சொந்த லென்ஸ் உள்ள, 50 வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு விட்ரெக்டமி செய்து 2 வருடத்துக்குள் புரை முற்றிவிடும். உள்கூழ் போனதும் லென்சுக்கு ஆக்சிஜன் அதிகமாக எட்டி அதைப் பழுக்கவைக்கிறது. அதனால் சிலருக்கு முதல் அறுவையிலேயே புரையையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். கூழ் இல்லாத கண்ணில் புரை அறுவை சற்று நுட்பமானது. விட்ரெக்டமி நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

15. பேண்டை எப்போ எடுப்பாங்க?

எடுக்க மாட்டார்கள், ஆயுள் முழுவதும் இருக்கலாம். வெண்படலத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தாலோ, அந்த இடத்தில் சீழும் தீராத சிவப்பும் வலியும் இருந்தாலோ மட்டுமே எடுப்பார்கள். இது வருடங்கள் கழித்தும் வரலாம்.

16. எண்ணெயை எடுக்கவே பயமா இருக்கு. அப்படியே விட்டுட்டா என்ன?

பயத்துக்குக் காரணம் உண்டு. எடுத்தபின் சிலருக்கு மறுபடி விலகும், தாங்கிப் பிடித்தது போய்விட்டதே. ஆனால் விட்டாலும் சும்மா இருக்காது. எண்ணெய் நாளடைவில் நுண்துளிகளாக உடைந்து நீர் வடியும் வலையை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும், லென்சைக் கெடுக்கும், கருவிழியில் வெள்ளைப் பட்டை படியச் செய்யும். பலமுறை விலகிய கண்ணில் மட்டும் வேறு வழியின்றி நிரந்தரமாக விட்டுவைப்பதுண்டு. எடுத்தபின் கறுப்பு விளிம்போடு குட்டி வட்டங்கள் மிதந்தால், அவை மிஞ்சிய துளிகள், தீங்கில்லை.

17. இன்னொரு கண்ணுக்கும் வருமா?

காலப்போக்கில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு வரலாம். மைனஸ் பவர் அதிகமானவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மறு கண்ணின் ஓரங்களையும் பாப்பாவை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிழிசல் இருந்தால் விலகும் முன்பே லேசரால் அடைத்துவிடலாம், வெளிநோயாளியாகவே முடியும் வேலை அது. மிக மிக அபூர்வமாக, அறுவை செய்த கண்ணுக்கு எதிர்வினையாக மறு கண்ணிலும் அழற்சி வரலாம். வாரங்கள் கழித்து நல்ல கண் சிவந்து, கூசி, மங்கினால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள்.

18. பார்வை இதுக்குமேல முன்னேறுமா, இவ்வளவுதானா?

மாக்குலா கழலும் முன்பே அறுவை நடந்திருந்தால் பழைய பார்வை பெரும்பாலும் திரும்பும். கழன்றிருந்தால், எத்தனை நாள் கழன்றிருந்தது என்பதுதான் முடிவு செய்யும். முதல் 3 மாதம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் ஒரு வருடம்வரைகூட முன்னேற்றம் வரும். நடுவில் பார்வை தேங்கினால் 12, 14-வது பதில்களில் உள்ள காரணங்களைத் தேடச் சொல்லுங்கள். அவற்றில் பல சரிசெய்யக் கூடியவை.

19. ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினா என்ன சொல்லணும்?

எந்தக் கண், அறுவை நடந்த தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு என்ன மாறியது, எத்தனை மணியிலிருந்து, வலியும் வாந்தியும் உண்டா என்பதை. நேற்று விரல் எண்ண முடிந்ததா, இப்போது முடிகிறதா என்பதையும் சோதித்துவிட்டுப் பேசுங்கள். ‘கொஞ்சம் மங்கலா இருக்கு’ என்பதைவிட ‘நேத்து நாலு விரலை எண்ணினார், இன்னைக்குக் கையசைச்சாதான் தெரியுது’ என்பது மறுமுனையில் இருப்பவரை உடனே எழுந்து நிற்க வைக்கும்.